ஆயர் வந்த ஞாயிறு

மறைமாவட்டத்துக்கே தலைவரான ஆயர் எங்கள் ஓடைக்கரைப்பட்டிக்கு வருகிறார் என்று பக்கத்து ஊர்ப் பங்குச் சாமியார் வந்து சொன்னபோது, ஆயர் என்ற பட்டத்துக்கு எங்களில் ஒருவருக்கும் அர்த்தம் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

"அவர் மனசு குளிர்ந்தா உங்க ஊருக்குன்னு தனியா ஒரு சாமியார் கிடைப்பார். மந்தை ஒண்ணு விடாம கோயிலுக்குள்ளே இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோயிலுக்குள் மந்தை எதற்கு? சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் ஞானாதிக்கம் அகராதியைப் புரட்டினார்.

"ஆ என்றால் பசு. ஆயர் என்றால் பசு மேய்க்கிறவர்."

"அப்ப என் வெள்ளாடு?" என்றான் சந்தியாகு, முகம் வாடி.

"பேரு பசுவிலேதான் தொடங்கியிருக்கு. அப்புறம் எல்லா மேய்ப்பருக்கும் ஆகிப்போச்சு. ஆடும் சேரும்."

வாத்து மேய்க்கும் தொம்மை வெகுநேரம் யோசித்தான். "அப்ப நானும் ஆயரா?"

கை தூக்கி முடிவெடுத்தோம். தொம்மை ஆயர் இல்லை. ஆனால் வாத்து மந்தைதான்.

ஞாயிறு காலை எல்லாவற்றையும் உள்ளே ஓட்டிக் கதவைச் சாத்தினோம். எங்களுக்கு இடமில்லை. வெயிலில் நின்றோம்.

ஆயர் காரிலிருந்து இறங்கினார். கையில் நுனி வளைந்த கோல்.

"பாத்தியா, தொழிலுக்குத் தயாரா வந்திருக்கார்" என்றார் உபதேசியார்.

கதவைத் திறந்த ஆயர், உள்ளே நின்ற ஆடுமாடுகளையும் வாத்துகளையும் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். பங்குச் சாமியார் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளைகளா, ஆட்டைக் காக்கிற மாதிரி உங்களைக் காக்கணும்னுதான் எனக்கு இந்தப் பட்டம்" என்றார் ஆயர். "என் மந்தை நீங்கதான்."

வெட்கமாகப் போயிற்று. இத்தனை வருஷமாக நாங்கள் இன்னதென்று எங்களுக்கே தெரியவில்லை.

பூசை புளியமரத்தடியில் நடந்தது. "தனிச் சாமியார் கட்டாயம் தர்றேன். ஒருத்தர் போதுமான்னுதான் யோசிக்கிறேன்" என்று சொல்லி ஆயர் காரில் ஏறினார்.

மேய்ப்பர் கிளம்பிவிட்டார், மந்தை சும்மா நிற்கலாமா? அறுபத்திரண்டு பேரும் காருக்குப் பின்னாலேயே நடந்தோம். பதினெட்டு கிலோமீட்டர். சாயங்காலம் ஆயர் இல்லத்துத் தோட்டத்துக்குள் நுழைந்தோம்.

சத்தம் கேட்டு வெளியே வந்த ஆயர் பதறிப்போனார். "இவ்வளவு தூரம் நடந்தா வந்தீங்க? சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு ஆண்டவரே" என்று சந்தியாகு வாயைத் துடைத்துக்கொண்டான். "அரைக்கீரைப் பாத்தியை முடிச்சாச்சு. தண்ணிக்கு எங்களை எங்கே ஓட்டுவீங்க?"