கூழைக்கடா பார்த்த பச்சைத் திட்டு

கழிமுகத்து மணல்மேட்டில் கூழைக்கடாக்கள் கூட்டமாக வாழ்ந்தன. புயல் அடித்து ஓய்ந்ததிலிருந்து கரையோரத்தில் மீனே இல்லை. செம்பவளம் என்ற கூழைக்கடாவின் குஞ்சுகள் பசியில் கத்திக்கொண்டே இருந்தன.

இரை தேடி அலைந்த செம்பவளம், களைத்துப்போய் ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்தது. உள்ளே இரண்டு மீனவர்கள் கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செயற்கைக்கோள் வானத்துல இருந்து எடுத்த படம்டா! கடல் முழுக்க நீலம். கழுகுப் பாறைக்குக் கிழக்கே மட்டும் பச்சை, பாத்தியா?"

"பச்சைன்னா?"

"பாசி! அதைத் தின்ன மீன் குவிஞ்சு கிடக்கும். இன்ஜினைச் சரிபண்ணினதும் கிளம்பிடலாம்!"

செம்பவளத்துக்குத் தலைகால் புரியவில்லை. விளிம்பிலேயே குதித்தது. கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. விழுந்தும் சிரித்தது!

மணல்மேட்டைத் தாண்டும்போது கூட்டத்தின் தலைவன் திமிலன் கூப்பிட்டது. "என்ன தங்கச்சி, இவ்வளவு குஷி? எங்கேயாவது மீன் இருக்கா?"

'சொன்னால் எல்லாரும் பங்குக்கு வந்துவிடுவார்களே!' என்று நினைத்தது செம்பவளம்.

"தெற்கே போங்க அண்ணே! கலங்கரை விளக்கத்துக்கிட்ட மீன் துள்ளுதாம்!"

கூட்டம் தெற்கே பறந்தது. செம்பவளம் கிழக்கே பறந்தது.

பாறைக்கு அப்பால் கடல் பச்சைப்பசேல் என்று கிடந்தது. அடியில் சாளை மீன்கள் மின்னின. செம்பவளம் அலகைத் திறந்து பாய்ந்தது. மீன்கள் இரண்டாகப் பிரிந்து ஓடின. அலகுப் பை நிறையத் தண்ணீர்தான்! இந்தப் பக்கம் பாய்ந்தால் அந்தப் பக்கம் ஓடின.

"பிடி பார்க்கலாம், ஒற்றை அலகே!" என்று ஒரு சாளை கேலி செய்தது.

அப்போது கரைப் பக்கம் படகு இன்ஜின் ஒருமுறை உறுமி அடங்கியது. 'மீனவர்கள் வந்து வலை வீசிவிட்டால் நமக்கு ஒன்றும் மிஞ்சாதே!' என்று பதறியது செம்பவளம். ஒரே பறப்பாகத் தெற்கே போனது. அங்கே கூட்டம் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, நான் சொன்னது பொய்! மீன் கிழக்கே இருக்கு. என்னால ஒண்ணுகூடப் பிடிக்க முடியலை. குஞ்சுங்க பட்டினி கிடக்குதுங்க!"

திமிலன் முறைத்தது. "உன்னை அப்புறம் திட்டுறேன். முதல்ல பற!"

பச்சை நீரில் கூழைக்கடாக்கள் பிறைபோல வளைந்து நின்றன. இறக்கைகளைப் படபடவென்று அடித்து மீன்களைப் பாறையோரம் நெருக்கின.

"இப்போ!" என்று கத்தியது திமிலன்.

எத்தனை அலகுகள்! எத்தனை மீன்கள்! ஒரு சாளை துள்ளித் திமிலனின் தலையிலேயே உட்கார்ந்தது. எல்லாம் சிரித்தன.

"சிரிக்காதீங்க! வாயில இருக்கிறது விழுது!" என்று கத்திய செம்பவளத்தின் வாயிலிருந்தே நாலு மீன் விழுந்தது!

அன்று மணல்மேட்டில் ஒரு குஞ்சுகூடப் பசியில் கத்தவில்லை.

நல்ல சேதியை ஒளித்து வைத்தால் அது நமக்கே உதவாது. சொல்லிச் சேர்ந்து உழைத்தால்தான் எல்லோர் வயிறும் நிறையும்.