மூக்காயி கட்டிய இரட்டை வேலி

முன்னொரு காலத்தில், மலையடிவாரத்துச் செங்கரை நாட்டைக் கேதுவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு சட்டம் போடுவார், சாயங்காலம் அதை மறந்துபோவார். ஆனால் ஒரே ஒரு சட்டம் மட்டும் அவருக்கு மறக்கவே இல்லை. காட்டுப் புள்ளிமான்கள் அவருடைய செல்லப்பிள்ளைகள். அவற்றை யாரும் அடிக்கக் கூடாது, விரட்டவும் கூடாது.

ராஜாவுக்கு மான்மேல் ஆசை, சரி. அந்த மான்களுக்குத் தீனி போட்டது யார்? காட்டோரத்தில் தோட்டம் போட்டுப் பிழைத்த நாற்பது ஏழைக் குடும்பங்கள்! கீரை துளிர்விட்டதுமே மான் வந்து மேயும். தோட்டக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். இது என்ன நியாயம்?

அந்தத் தோட்டக்காரர்களில் மூக்காயி என்பவளும் ஒருத்தி. புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். மூன்று வருஷம் அவரைக்கொடி போட்டாள். மூன்று வருஷமும் மான் தின்றது. நாலாம் வருஷம் மந்திரி அறிவாழியாரிடம் போய் முறையிட்டாள்.

"விரட்டத்தானே கூடாது? வேலி போடக் கூடாது என்று சட்டத்தில் இல்லையே. போட்டுக்கொள், அம்மா" என்றார் அவர்.

கருவேலங்கம்புகளை வெட்டிவந்து, பட்டைகூடச் சீவாமல் அப்படியே நட்டு, கற்றாழை நாரால் இறுக்கிக் கட்டினாள். முள் கிழித்துக் கையெல்லாம் ரத்தம். ஆனாலும் அந்த வருஷம்தான் அவள் அவரைக்கொடி பூத்துக் குலுங்கியது.

அதைக் கேட்டு ஒருவருக்கு வயிறு எரிந்தது. அவர் வன அதிகாரி விருத்தகிரி. மந்திரி பதவிமேல் நெடுநாளாக அவருக்கு ஒரு கண்.

"மகாராஜா! உங்கள் மான்களை மறித்து ஒருத்தி வேலி கட்டியிருக்கிறாள். கட்டச் சொன்னவர் நம் மந்திரி! மானை மறிப்பதும் மகாராஜாவை மறிப்பதும் ஒன்றுதானே?" என்று சபையில் போட்டுக்கொடுத்தார்.

"பிடுங்கி எறியுங்கள்!" என்றார் ராஜா.

விருத்தகிரியே ஆட்களோடு போய்ப் பிடுங்கினார். அன்றைக்கே மான்கள் வந்து பூவும் கொடியுமாகத் தின்று தீர்த்தன.

மறுநாள் பிடுங்கிய கம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூக்காயி சபைக்கே வந்துவிட்டாள்.

"சாமி, மானுக்குப் பசிக்கும்னு உங்களுக்குத் தெரியுது. எம் பிள்ளைங்களுக்குப் பசிக்கும்னு தெரியலையா?"

ராஜா விருத்தகிரியைத் திரும்பிப் பார்த்தார்.

விருத்தகிரி நமட்டுச் சிரிப்போடு எழுந்தார். "வேலி கட்டட்டுமே, மகாராஜா! ஒரு மானைக்கூட மறிக்காத வேலியாகக் கட்டட்டும்!"

"சபாஷ்! அதுதான் தீர்ப்பு" என்று ராஜா தொடையைத் தட்டினார். "ஏழு நாள் தருகிறேன். மானையும் மறிக்கக் கூடாது, உன் தோட்டமும் பிழைக்க வேண்டும். முடியாவிட்டால் மந்திரி பதவி விருத்தகிரிக்கு!"

மூக்காயி அசரவில்லை.

"சரி, சாமி. ஆனா மானை மறிக்கக் கூடாதுங்கிறது எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே?"

"எல்லாருக்கும்தான்!"

வெளியே வந்ததும் மந்திரி கவலையோடு கேட்டார். "என்னம்மா செய்யப்போகிறாய்?"

"விருத்தகிரி ஐயா தோட்டம் எங்களுக்கு அந்தாண்ட இருக்குது. அதுக்கு வேலியே கிடையாது. ஏன் தெரியுமாங்க? மானுங்க எங்ககிட்டயே வயிறு நிரப்பிக்கிட்டுத் திரும்பிடுது!"

மந்திரிக்குச் சட்டென்று விளங்கியது. வாய்விட்டுச் சிரித்தார்.

நாற்பது குடும்பமும் அரிவாளை எடுத்தது. ஏழு நாளில் காட்டோரம் முழுக்க உயரமான கம்பு வேலி எழுந்தது. நடுவில் மட்டும் ஒரு வாசல். அங்கிருந்து தோட்டங்களுக்கு ஊடே எதிரெதிராக இரண்டு வரிசை வேலி. இடையில் மான்கள் நடக்க ஒரு சந்து. சந்து போய் முடிந்த இடம், விருத்தகிரியின் தோட்டம்.

எட்டாம் நாள் காலையில் ராஜா குதிரையேறிப் பார்க்க வந்தார். மான்கள் வரிசையாகச் சந்துக்குள் நடந்தன. ஒன்றும் தடுக்கப்படவில்லை. கீரைப் பாத்திகளில் ஒரு இலைகூடக் குறையவில்லை.

சந்தின் அந்தக் கடைசியிலிருந்து ஒரே கூச்சல். தலைப்பாகை அவிழ்ந்து தொங்க, விருத்தகிரி தடியோடு மான்களைத் துரத்திக்கொண்டிருந்தார்.

"ஐயோ, என் கரும்பு! என் வாழைக்கன்று! அடியுங்கள்! யாராவது வேலி கட்டுங்களடா!"

"விருத்தகிரி! மானை அடிக்கிறாயா?" என்றார் ராஜா.

தடி கீழே விழுந்தது. "மகாராஜா, இவள்தான் மான்களை இங்கே விட்டாள்..."

"நான் ஒண்ணையும் மறிக்கலையே, சாமி!" மூக்காயி கோபத்தோடு முன்னால் வந்தாள். "ஒரு நாள் மேய்ச்சலுக்கு ஐயா இந்தக் கத்துக் கத்துறாரு. நாங்க வருசக்கணக்காப் பட்டினி கிடந்தோமே, யாரு கேட்டீங்க?"

ராஜாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. மூக்காயியின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிப்போனது. குதிரையைவிட்டு இறங்கினார்.

"ஆசை என்னுடையது, பட்டினி உங்களுடையதா? தப்பு என்மேல்தான், அம்மா. இனி மான்களுக்கு அரண்மனைப் புல்வெளியில் தீனி. மந்திரி பதவி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"பரிசெல்லாம் வேண்டாம், சாமி. எங்க வேலியைப் பிடுங்க எவருக்கும் அதிகாரமில்லைன்னு ஓலையில எழுதி முத்திரை போட்டுக் குடுங்க. அன்னைக்கு என் வேலியைப் பிடுங்கினவங்களே அதைத் திரும்ப நடட்டும்."

ராஜா அங்கேயே எழுதிக்கொடுத்தார். விருத்தகிரியின் கையில் கடப்பாரை வந்தது. நாற்பது குடும்பமும் பார்த்து நிற்க, வியர்வை வழியக் குழி தோண்டி முதல் கம்பை நட்டார்.

மூக்காயி போய் அதை ஆட்டிப் பார்த்தாள். ஆடியது.

"பிடுங்குங்க ஐயா, உங்களுக்குப் பழக்கந்தானே" என்றாள். "இன்னும் ஒரு முழம் ஆழமாத் தோண்டுங்க."