வராத அக்கிக்கு எழுதிய சிங்கம்

ஓட்டைக்குளத்தில் முட்டாள் என்று யாரையும் சொல்லிவிட முடியாது. ஒப்பிட்டுப் பார்க்கப் புத்திசாலி ஒருவராவது வேண்டுமே!

அந்த ஊர்ப் பொன்னுரங்கத்துக்கு ஆனியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் பெண்டாட்டி கோமளம் தாய்வீடு போய்விட்டாள். அவள் திரும்புவதற்கு முந்தின நாள், கூட்டாளிகள் வைரவனையும் அழகிரியையும் துணைக்கு இழுத்துக்கொண்டு டவுன் டாக்டரிடம் போனான். ஆண்மைக் குறைவு.

"பயப்படாதீங்க, வைத்தியம் இருக்கு," என்றார் டாக்டர். "இந்தக் குறை இருக்கிறவங்களுக்கு அக்கி வர்ற வாய்ப்பும் கொஞ்சம் கூடன்னு சொல்றாங்க. வந்தே தீரும்னு இல்லை. உடம்புல ஒரு பக்கமா எரிச்சலோட கொப்புளம் கண்டா உடனே வாங்க."

வெளியே வந்ததும் பொன்னுரங்கம் அழுதேவிட்டான். "அக்கி வந்தா விஷயம் வெளிய தெரிஞ்சுடும்டா! கோமளத்துக்கு மட்டும் தெரியவே கூடாது."

"அவளுக்கு எப்படிடா தெரியும்?" என்று தேற்றினான் வைரவன்.

அழகிரி ஆழமாக யோசித்தான். "அக்கி வந்தா வேளார் காவியில சிங்கம் எழுதுவாரு. அக்கி ஓடிரும். வர்றதுக்கு முன்னாடியே எழுதிட்டா?"

குயவர் வீட்டுக்கு ஓடினார்கள்.

"அக்கி எங்கேப்பா?"

"வந்துக்கிட்டிருக்கு வேளாரே."

"எந்தப் பக்கம்?"

"ஒரு பக்கம்னாரு டாக்டர். எதுன்னு கேக்க மறந்துட்டோம். எல்லாப் பக்கமும் எழுதிடுங்க."

உச்சி முதல் உள்ளங்கால் வரை சிங்கம். மூக்கில் ஒரு குட்டி.

"ஐயோ, இவன் மட்டும் சிவப்பா இருந்தா குறை இவனுக்குத்தான்னு தெரிஞ்சுடுமே!" என்றான் வைரவன். அவனும் அழகிரியும் வரிசையில் உட்கார்ந்தார்கள். மூவரில் பொன்னுரங்கம் யாரென்று மூச்சு விடுவதில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியமும் செய்தார்கள்.

மறுநாள் காலை கோமளம் பெட்டியோடு வந்தாள். வாசலில் மூன்று சிவப்பு ஆட்கள்.

"இதுல யாருய்யா என் வீட்டுக்காரர்?"

"அதை மட்டும் கேக்காத தங்கச்சி," என்றான் வைரவன். "பொன்னுரங்கத்துக்கு ஆண்மைக் குறைவு. ஆனா அவன் யாருன்னு உயிரே போனாலும் சொல்ல மாட்டோம்."

"அது எனக்குத் தெரியாதா? சேர்ந்து வைத்தியம் பார்க்கலாம்னுதானே ஓடி வந்தேன். ஆளைக் காட்டுங்க!"

பொன்னுரங்கம் தொண்டையைச் செருமினான். "அவரு இங்க இல்லைங்க அக்கா. பக்கத்து ஊர்ல பாருங்க."

கோமளம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். பொன்னுரங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தான். பக்கத்து ஊரில் தெருத்தெருவாகத் தொண்டை கிழியக் கத்தியதும் அவன்தான்:

"டேய் பொன்னுரங்கம்! பெண்டாட்டியை இப்படி அலைய விடுறியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?"