துடைப்பம் தேர்ந்தெடுத்த சர்வர்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவர் மேனேஜர் நாகலிங்கம்தான். எங்கள் பனியன் கம்பெனிக்கு வந்த மெயில்கள் தொலைந்ததற்கு, கூட்டும்போது நான் சர்வரின் கரண்ட் வயரைப் பிடுங்கியதே காரணம் என்று சொல்லி என் வேலைக்கு உலை வைத்தார்.

மெயில்களை வாங்கிச் சேமிக்கும் கம்ப்யூட்டர்தான் சர்வர்; புதிதாக ஒன்று வாங்க இரண்டு பெட்டிகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். மெயில் அனுப்பியதுமே பளபளப்பான பெட்டி 'வந்து சேர்ந்தது' என்றது. இன்னொன்று நிதானமாகச் சொன்னது.

"வேகத்தைப் பாருங்கம்மா," என்று முதலாளி சௌந்தரவல்லியிடம் குழைந்தார் நாகலிங்கம். "நம்ம பழைய சர்வரைச் செஞ்ச அதே கம்பெனிதான். இதுல ஒரு மெயில் தொலைஞ்சா இந்த ரூமை நானே கூட்டுறேன்."

"கரண்ட் போனாலுமா சார்?" என்றேன்.

"இடியே விழுந்தாலும்தான். நீ துடைப்பத்தைப் பாருய்யா."

பார்த்தேன். மெயில்கள் வந்துகொண்டிருக்கும்போதே துடைப்பக் கட்டையை நுழைத்து, இரண்டு பெட்டிகளின் கரண்ட் வயரையும் ஒரே இழுப்பில் பிடுங்கினேன். நாகலிங்கம் என் சட்டையைப் பிடித்தார்.

"அவரை விடுங்க. மறுபடி ஓட்டுங்க," என்றார் அம்மா.

நிதானப் பெட்டியில், அது வந்ததாகச் சொன்ன மெயில் அத்தனையும் இருந்தன. பளபளப்பான பெட்டியில், கடைசியாக 'வந்து சேர்ந்தது' என்று அது சொன்னவை இல்லவே இல்லை.

அம்மா சிரித்தார். "இந்த நிதானப் பெட்டி எழுதி வெச்சுட்டுச் சொல்லுது. அந்தப் பளபளப்பு சொல்லிட்டு, அப்புறம் எழுதிக்கலாம்னு இருக்குது. பழசும் அப்படித்தானே மெயிலைத் தொலைச்சுது நாகலிங்கம்?"

நிதானப் பெட்டியை வாங்கினார்கள். என் வேலையும் தப்பியது. ஆனால் அந்த அறையை இன்றும் நான்தான் கூட்டுகிறேன். தினமும் வீட்டுக்குப் போகும்போது துடைப்பத்தை நாகலிங்கத்தின் நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறேன்.