நானூறு கிராம்

தராசு அறுபது கிலோ நானூறு கிராம் காட்டியது. தங்கையா குனிந்து எண்ணை இன்னொரு தடவை பார்த்தார்.

அவர் தோளுக்குப் பின்னால் நின்ற சேதுராமு எண்ணைப் பார்த்துவிட்டான். ஆலங்கரை மின்னல் கபடிக் குழுவுக்குச் செயலாளர் அவன். "அண்ணாச்சி, உள்ளேன்னு சொல்லிருங்க. ஒத்த வார்த்தை" என்று காதுக்குள் சொன்னான்.

தராசின் மேல் நின்றவன் சுடலைமணி. ஆலங்கரைக்கு ரைடர் என்று இருந்தது அவன் ஒருத்தன்தான். மற்றவர்கள் பாடிப் போய்ப் பிடிபடாமல் திரும்பினாலே பெரிய விஷயம். அன்றைக்கு அறுபது கிலோப் பிரிவில் இறுதி ஆட்டம். எடை தாண்டினால் ஆள் வெளியே. ஒரு தடவைதான் தராசில் ஏறலாம். இறங்கி ஓடிவிட்டு மறுபடி ஏறுகிற வேலையெல்லாம் கிடையாது.

தங்கையா ஆலங்கரையில் மாவு மில் வைத்திருப்பவர். தராசும் அவருடையது. அந்தப் பக்கத்து ஏழு ஊரில் எங்கே கபடி நடந்தாலும் அந்தத் தராசைத்தான் தூக்கிப்போவார்கள், அவரையும் சேர்த்து. மின்னல் போகிற இடமெல்லாம் பதினோரு வருஷமாக லாரியில் தொங்கிக்கொண்டு போகிறவர் அவர் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கூப்பிடுவார்கள். எண் அவர் பக்கம்தான் தெரியும். அவர் 'உள்ளே' என்றால் உள்ளே, 'வெளியே' என்றால் வெளியே. எதிரணித் தலைவன் அப்போது முதுகைக் காட்டி நிற்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். அன்றைக்கும் மேலக்காட்டு அணித் தலைவன் ஞானதுரை முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றான். இப்படி ஒரு முட்டாள்தனத்தை வேறெங்கும் பார்க்க முடியாது.

இந்தப் பதினோரு வருஷத்தில் ஆலங்கரை ஆறு இறுதி ஆட்டம் ஆடி ஆறிலும் தோற்றிருந்தது. மின்னல் வெட்டும், மழை பெய்யாது என்று மேலக்காட்டுக்காரர்கள் பஸ்ஸில் பார்த்தால்கூடச் சொல்லிச் சிரிப்பார்கள்.

விடிகாலையில் மில்லில் வைத்து இதே தராசில் சுடலைமணியை நிறுத்திப் பார்த்தபோது ஐம்பத்தொன்பது கிலோ தொள்ளாயிரம்தான் இருந்தான். இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மொட்டை போட்டிருந்தான். வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடியிருந்தான். அப்புறம் அரை கிலோ எங்கிருந்து வந்தது?

பேச்சியம்மாளிடமிருந்து வந்தது. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவள். ஆட்டம் என்றால் லீவு போட்டுவிட்டு முதல் ஆளாக லாரியில் ஏறிவிடுவாள். மின்னல் ஜெயித்தாலும் தோற்றாலும் சுடலைமணி பாடிப் போகும்போதெல்லாம் குலவை போடுவாள். அன்றைக்கு வரும் வழியில் அவன் உதடு வெடித்து, கண் செருகி, லாரிப் பலகையில் சாய்ந்துவிட்டான். அவள் தூக்குவாளியிலிருந்து கம்பங்கூழை ஒரு செம்பில் ஊற்றி நீட்டினாள். எடை கூடிவிடும் என்று அவன் தலையை ஆட்டினான்.

"எடை கெடக்கட்டும். குடிலே."

அரை லிட்டர் உள்ளே போன பிறகுதான் அவனுக்கு எதிரில் இருப்பவர் யாரென்று தெரிந்தது.

தங்கையாவுக்குக் கோப்பை வேண்டாமா? வேண்டும். அதை லாரியின் முன்னால் கட்டிக்கொண்டு மேலக்காட்டு வழியாக ஊர் திரும்புவதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தவர். ஆனால் அந்த நிமிஷம் அவர் சுடலைமணியை நினைக்கவில்லை, மின்னலையும் நினைக்கவில்லை. நாளைக்கு ஏழு ஊரிலும் தங்கையா என்ற பேரை எப்படிச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தார். ஞானதுரையின் முதுகைப் பார்த்தார்.

"வெளியே" என்றார்.

சுடலைமணி இல்லாத மின்னலை மேலக்காடு இருபத்திரண்டு புள்ளி வித்தியாசத்தில் அடித்தது. ஏழாவது தோல்வி. கூழ் கொடுத்தது யார் என்று சேதுராமு லாரிப் பக்கம் நின்று கத்தினான். நான்தான் என்று பேச்சியம்மாள் எல்லார் முன்னாலும் சொன்னாள். புள்ளை செத்துப்போயிருப்பான், கோப்பையை வைத்து என்ன செய்வாய் என்றும் கேட்டாள். அவளை லாரியில் ஏறக் கூடாது என்றார்கள். சுடலைமணி அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை, தலையைக் குனிந்துகொண்டு லாரியில் ஏறிக்கொண்டான்.

அடுத்து தங்கையாவிடம் வந்தான் சேதுராமு. "இனிமே மின்னல் ஆடுற எடத்துல உங்க மூஞ்சி தெரியக் கூடாது. வீட்லயே கெடங்க."

லாரி போய்விட்டது. மேலக்காட்டுக்காரர்கள் வந்து தங்கையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மனுஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தார். மிச்சத்தை மண்ணில் ஊற்றிவிட்டார்.

இப்போது சொல்லுங்கள். கோப்பைக்காகப் பொய் சொல்லச் சொன்னவன் சேதுராமு. உண்மையைச் சொல்லித் தோற்கவிட்டவர் தங்கையா. கூழைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்தவள் பேச்சியம்மாள். அன்றைக்கு அந்த மைதானத்தில் ஆலங்கரை அணிக்கு ரசிகர் என்று ஒரே ஒருவரைத்தான் சொல்லலாம் என்றால், அது யார்?

விடை: பேச்சியம்மாள். சேதுராமுவுக்கு வேண்டியது கோப்பை, அதை எந்த அணி வாங்கித் தந்தாலும் அவனுக்குப் போதும். தங்கையா நேர்மையான ஆள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் காப்பாற்றியது தன் பேரை. ஆடுகிறவன் உயிரோடு இருக்கிறானா என்று பார்த்தது அவள் ஒருத்திதான். தங்கையா ரசிகரானது அடுத்த வருஷம். தராசுக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று ஏழு ஊருக்கும் சொல்லிவிட்டு, பஸ் பிடித்துப் போய், ஆலங்கரை ஆட்கள் இருக்கிற பக்கமாகவே உட்கார்ந்தார். அவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். சுடலைமணி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். மின்னல் முதல் சுற்றிலேயே முப்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. பாடிப் போய்ப் பிடிபட்ட ஒவ்வொருவனுக்கும் தங்கையா தனியாகக் கை தட்டினார். வீட்டிலேயே கிடக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் கிடக்கவில்லை.