கொம்பு வைத்த சோளக்கொல்லைப் பொம்மை

ஒரு காட்டில், மரங்கள் முடிந்து வெயில் தொடங்கும் ஓரத்தில், ஒரு எருமை சோளம் போட்டிருந்தது. காட்டில் எல்லோரும் அதை எருமை என்றுதான் கூப்பிட்டார்கள். அது கோபித்துக்கொள்ளவில்லை. எருமையை எருமை என்று சொன்னால் கோபிக்க என்ன இருக்கிறது? அதற்குக் கோபம் வருவது ஒரே ஒரு விஷயத்தில்தான். கிளி.

கதிரில் பால் பிடிக்கும் பருவம் வந்தால் போதும், கிளிக்கூட்டம் வந்து இறங்கிவிடும். எருமை தகரத்தைத் தட்டிக்கொண்டு வயலைச் சுற்றிச் சுற்றி ஓடும். காலையில் ஓடும், சாயங்காலமும் ஓடும். மத்தியானம் மட்டும் ஓட முடியாது. எருமைத் தோல் அப்படி. உச்சி வெயிலில் குளத்தில் கிடக்காவிட்டால் முதுகு வெடித்துவிடும்.

இது கிளிகளுக்கும் தெரியும். எருமை குளத்தில் இறங்கியதும் கிளிகள் வயலில் இறங்கும்.

போன வருஷம் அப்படித்தான் பாதிக்கு மேல் போயிற்று. கோடையில் புல் காய்ந்ததும் எருமைக்குச் சாப்பிட ஒன்றுமில்லை. விலா எலும்பு துருத்திக்கொண்டு, குளத்துக்குப் போவதற்கே நின்று நின்று நடந்தது. இந்த வருஷமும் சோளம் போனால் அடுத்த மழையை அது பார்க்காது. விஷயம் அவ்வளவுதான்.

ஒருநாள் நரி அந்தப் பக்கம் வந்தது.

"என்ன அண்ணே, தகரத்தோட உட்கார்ந்திருக்கீங்க? ஒரு பொம்மை செஞ்சு வைங்களேன். பயந்துபோய் ஒரு கிளிகூட வராது."

"எனக்கு எங்க செய்யத் தெரியும்? இந்தக் குளம்பை வச்சுக்கிட்டு ஒரு முடிச்சுப் போட முடியுமா?"

"நீங்க ஏன் செய்யணும்? காட்டுல எத்தனை குட்டிங்க சும்மா திரியுது! வயல் பாக்க வாங்க, வரப்புல நடக்கலாம், வாய்க்கால்ல குளிக்கலாம், வர்ணம் பூசிப் பொம்மை செய்யலாம்னு சொல்லி விடுங்க. ஓடி வரும்."

"வேலை செய்யறதுக்கா ஓடி வரும்?"

"வேலைன்னு சொன்னா வராது அண்ணே. விழான்னு சொல்லுங்க."

எருமை யோசித்தது. எருமை யோசிக்க நேரம் பிடிக்கும். நரி காத்திருந்தது.

"இதுல உனக்கு என்ன?" என்று கேட்டது எருமை.

"எனக்கா? ஒண்ணுமே வேணாம். குட்டிங்க கட்டுச்சோறு கொண்டு வரும் பாருங்க, அந்த மூட்டைங்களுக்கு ஒரு காவல் வேணுமில்ல? அதை மட்டும் நான் பாத்துக்கறேன்."

"சரி. எல்லாக் குட்டியும் வரலாம். கிளி மட்டும் கூடாது."

சோளம் பூவெடுத்திருந்த நேரம் அது. சொன்ன நாளில் குட்டிகள் திபுதிபுவென்று வந்தன. வரப்பில் வரிசையாக நடக்கச் சொன்னால் யார் நடக்கிறார்கள்? சுள்ளான் என்ற குரங்குக் குட்டி மற்றவர் தலைமேல் நடந்தது. கொழுக்கட்டை என்ற யானைக் குட்டி ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் வரப்பு அதன் காலைவிட ஒல்லி. தொபுக்கென்று வாய்க்காலில் விழுந்தது. எழுந்திருக்கவில்லை. அங்கேயே சுகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டது.

அதன் காதுக்குப் பின்னால் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. எருமை குனிந்து பார்த்தது.

"ஏய், அது என்னடா காதுல?"

"இலை, மாமா," என்றது கொழுக்கட்டை.

"இலையா?"

"இலை இல்லை. நான் கிளி," என்றது அந்தப் பச்சை. "என் பேரு மருதாணி. இவன் என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றான். நான் பொய் சொல்ல மாட்டேன்."

எருமையின் மூக்கு விரிந்தது. "யாரு உன்னைக் கூப்பிட்டது? போ வெளியில!"

மருதாணி காதுக்குப் பின்னால் இன்னும் உள்ளே போனது. ஆனால் வெளியே போகவில்லை.

நரி எருமையின் பக்கத்தில் வந்து குசுகுசுத்தது. "இருக்கட்டும் அண்ணே. குழம்பை இறக்கறதுக்கு முன்னாடி உப்புப் பாக்க மாட்டாங்களா? பொம்மை பயமுறுத்துதான்னு பாக்க ஒரு கிளி வேணும்ல?"

இது எருமைக்குச் சரியாகப் பட்டது. "சரி, இரு. ஆனா நான் கேட்டா உண்மையைச் சொல்லணும்."

"அதைத்தான் மாமா முதல்லயே சொன்னேன்."

வைக்கோல், மூங்கில், கிழிந்த சாக்கு, உடைந்த பானை எல்லாம் குவிந்திருந்தன. வர்ணத்துக்குக் கரி, சுண்ணாம்பு, செம்மண், அரைத்த மஞ்சள். குட்டிகள் பாய்ந்து எடுத்தன. சுள்ளான் ஒரு பொம்மை செய்து, பானையில் இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை பல் வரைந்தது.

எருமை மருதாணியைப் பார்த்தது. "பயமா இருக்கா?"

"இல்ல மாமா. சிரிக்குது."

பல்லைக் கூராக்கினார்கள்.

"இப்ப?"

"அதுக்குப் பசிக்குது போல, பாவம்."

கண்ணைப் பெரிதாக்கிச் செம்மண் பூசினார்கள்.

"இப்ப?"

"அழுதிருக்கு. யாரோ திட்டியிருக்காங்க."

எருமைக்குப் பொறுக்கவில்லை. "நீ வேணும்னே பொய் சொல்ற!"

"பொய் சொன்னா என் மூக்கு சிவந்துடும் மாமா."

"உன் மூக்கு சிவப்பாத்தானே இருக்கு!"

"அது பிறந்ததுலேருந்து," என்றது மருதாணி.

சுள்ளான் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்ததில் சுண்ணாம்புக் கிண்ணம் கவிழ்ந்து, நரியின் வால் வெள்ளையாகிவிட்டது. நரி கட்டுச்சோற்று மூட்டைக்குள் தலையை விட்டிருந்ததால் அதற்குத் தெரியவில்லை.

"அப்ப நீயே செய்!" என்று எருமை ஒரு கட்டு வைக்கோலைத் தள்ளிவிட்டது. "உலகத்துல உனக்கு எதைப் பாத்தா ரொம்பப் பயமோ, அதைச் செய்."

மருதாணி தலையைச் சாய்த்து எருமையைப் பார்த்தது.

"அப்படின்னா நீங்க கொஞ்சம் அசையாம நிக்கணும், மாமா."

"நான் எதுக்கு நிக்கணும்?"

"நீங்கதான் அது."

எருமை ஒருமுறை தலையை உதறியது. அப்புறம் அசையாமல் நின்றது.

கொழுக்கட்டை மூங்கிலைத் தூக்கி நிறுத்தியது. சுள்ளான் முடிச்சுப் போட்டது. மருதாணி அங்கே கட்டு, இங்கே திணி என்று விரட்டிக்கொண்டே இருந்தது. வளைந்த இரண்டு தென்னை மட்டைகள் கொம்பாயின. பானையில் கரி பூசியாயிற்று. அடுத்தது முகம். முகம் வரைய வேண்டுமென்றால் முகத்தைப் பார்த்தாக வேண்டும். மருதாணி பறந்து வந்து எருமையின் மூக்குக்கு நேரே ஒரு குச்சியில் உட்கார்ந்தது.

"நெத்தியில வெள்ளையா இருக்கே, என்ன மாமா?"

"பிறந்ததுலேருந்து."

"உங்களுக்கு இமை முடி இவ்வளவு நீளமா!"

"யாருக்குத் தெரியும்? நான் பாத்ததில்ல."

"விலால ஏன் கோடு கோடா இருக்கு?"

"அது எலும்பு."

"எலும்பு உள்ளதானே இருக்கும்?"

"போன கோடையில சாப்பாடு இல்ல."

"ஏன் இல்ல?"

எருமை மருதாணியைப் பார்த்தது. மருதாணி சோளத்தைப் பார்த்தது. மறுபடி எருமையைப் பார்த்தது.

"நாங்களா?" என்று மெல்லக் கேட்டது.

"நீ இல்ல. போன வருஷம் நீ முட்டையில இருந்திருப்ப," என்றது எருமை. ஏன் அப்படிச் சொன்னோம் என்று அதற்கே தெரியவில்லை.

மருதாணி பொம்மையின் விலாவில் அந்தக் கோடுகளை வரையவில்லை. சாக்குக்குள் இன்னும் ஒரு கை வைக்கோல் திணிக்கச் சொன்னது. அப்புறம் இன்னும் ஒரு கை. பொம்மையின் வயிறு திம்மென்று ஆகும்வரை விடவில்லை. கடைசியாகக் கரியைத் தொட்டு, கண்ணுக்கு மேலே நீள நீளமாக இமை முடி வரைந்தது.

எருமை சுற்றி வந்து பார்த்தது. எருமையைப் பார்த்து இதுவரை யாரும் பொம்மை செய்ததில்லை; படம் வரைந்ததும் இல்லை. பழையபடி கேட்டது:

"பயமா இருக்கா?"

"ஆரம்பிக்கும்போது இருந்துச்சு மாமா. கண்ணு வரையும்போது போயிடுச்சு."

"போச்சு போ! அப்ப இது எதுக்கு உதவும்?" என்று எருமை உறுமியது. ஆனாலும் அந்தப் பொம்மையைத்தான் வயலுக்கு நடுவில் நட்டது. மற்றதை எல்லாம் ஓரத்தில் நட்டது.

கதிரில் பால் பிடித்தது. வெயில் ஏறியது. எருமை முடிந்தவரை வயலிலேயே நின்று பார்த்தது. முதுகு பொரிந்தது. வேறு வழியில்லாமல் குளத்தில் இறங்கியது. இறங்கிக் கண்ணை மூடக்கூட இல்லை, வயல் பக்கமிருந்து கீகீ என்று சத்தம்.

சேறு சொட்டச் சொட்ட எருமை ஓடியது. வயலுக்கு நடுவில் அதன் பொம்மையே தெரியவில்லை. கொம்பில் கிளி, முதுகில் கிளி, வயிற்றில் கிளி. எல்லாம் போயிற்று என்று எருமை வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டது.

அப்புறம்தான் பேச்சு காதில் விழுந்தது.

"எங்க மருதாணி செஞ்சதா? இமை முடியெல்லாம் பாருங்க, அச்சு அசலா இருக்கு!"

"மூக்கு கொஞ்சம் கோணல்."

"உன் மூக்கைவிட நேராத்தான் இருக்கு, சும்மா இரு!"

கிளிகள் பொம்மை பார்க்க வந்திருந்தன. பார்க்க வந்தாலும் கிளி கிளிதானே. ஒரு பெரிய ஆண்கிளி மெல்ல நழுவி ஒரு கதிரில் உட்கார்ந்து கொத்தியது.

"மாமா! அதைத் தொடாதீங்க!" என்று மருதாணி பொம்மையின் தலைமேலிருந்து கத்தியது. "அது எருமை மாமாவோட கோடைச் சாப்பாடு!"

"அடேயப்பா! எருமை எப்படி உனக்கு மாமா ஆச்சு? நீ கிளியா, கன்னுக்குட்டியா?"

"நான் கிளிதான். கிளிங்க நாமதான் போன வருஷம் அவர் எலும்பு தெரியற மாதிரி பண்ணிட்டோம். நான் பக்கத்துல போய்ப் பாத்தேன். உங்களுக்கு எண்ணிக் காட்டணுமா?"

ஒரு வயதான பெண்கிளி அந்த ஆண்கிளியிடம் பறந்து போய் அதன் வாலைப் பிடித்து இழுத்தது. "குழந்தை ஆசையாச் செஞ்சு வச்சிருக்கு. அது கண்ணெதிர்லயே கொத்தறியே, வெக்கமா இல்ல? வாயா இந்தப் பக்கம்!"

எருமை எழுந்து வந்தது. கிளிகள் படபடத்தன. தகரம் எருமையின் கழுத்தில்தான் தொங்கியது. அது தட்டவில்லை.

"பசியா இருந்தா," என்றது எருமை, தரையைப் பார்த்துக்கொண்டு, "காட்டு ஓரத்து வரிசையை எடுத்துக்குங்க. நடுவுல மட்டும் வேணாம்."

அவ்வளவு பேசியதே அதற்கு அதிகம். திரும்பிக் குளத்துக்குப் போய்விட்டது.

அடுத்த நாள் உச்சி வெயிலில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறொரு கிளிக்கூட்டம் வந்தது. அதற்கு மருதாணியும் தெரியாது, எருமையும் தெரியாது. பல்லைக் காட்டும் பொம்மையைச் சட்டையே செய்யாமல் நேராக வயலில் இறங்கப் போனது. இறங்க விட்டால்தானே?

"எங்க வயல்ல யாருடா அது?" என்று கத்திக்கொண்டு முதலில் பாய்ந்தது, முந்தின நாள் கதிர் கொத்திய அதே ஆண்கிளி. பின்னால் மொத்தக் கூட்டமும். அந்தச் சத்தத்தில் நூறு தகரம் தோற்றுவிடும். வந்தவர்கள் வந்த வழியே போனார்கள்.

எருமை குளத்தில் கிடந்தபடி எல்லாவற்றையும் கேட்டது. காதை மட்டும் ஒருமுறை ஆட்டியது.

அறுவடை முடிந்ததும் நரி வந்தது. வால் இன்னும் பாதி வெள்ளை. "பாத்தீங்களா அண்ணே, நான் சொன்ன பொம்மை எப்படி வேலை செஞ்சுதுன்னு?"

"பொம்மை நின்னுச்சு," என்றது எருமை. "வேலை செஞ்சது வேற ஆளு."

"அடுத்த வருஷமும் விழா உண்டுதானே? மூட்டைங்களுக்குக் காவல்..."

"விழா உண்டு. மூட்டைக்குக் காவல் மருதாணி."

நரியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

கோடை வந்தது. புல் காய்ந்தது. கொழுக்கட்டையும் சுள்ளானும் பொம்மையைப் பார்க்க வந்தபோது, மருதாணி எருமையின் நிஜக் கொம்பில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. எருமை நிதானமாகச் சோளத்தட்டை மென்றுகொண்டிருந்தது. அதன் வயிறு, மருதாணி வைக்கோல் திணித்து வைத்த வயிற்றைப் போலவே, திம்மென்று இருந்தது.

நீதி: யாரைக் கண்டு கோபமோ அவரை விரட்டிக்கொண்டே இருக்காதே, கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, உன் வேலையில் ஒரு கை போடச் சொல்.