இரண்டு மீசையும் ஒரு பாயும்

மீசை வைத்திருப்பவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி வரும். அதற்குள் தூங்கிப் போனால் நான் பொறுப்பில்லை.

கொம்படித்துறை என்றொரு கடற்கரை ஊர். ஆடித் திருவிழாவில் அங்கே பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். படகுகள் தூரம் போய்விட்டால் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிவது பாய் மட்டும்தான். அதனால் அந்த ஊரில் "யார் படகு முந்துது?" என்று யாரும் கேட்பதில்லை, "யார் பாய் முந்துது?" என்றுதான் கேட்பார்கள்.

அங்கே செங்கோலும் அமலதாசும் ஆளுக்கொரு படகும் ஆளுக்கொரு முறுக்கு மீசையுமாகத் திரிந்தார்கள். அமலதாசின் தங்கை மெட்டில்டாவைத்தான் செங்கோல் கட்டியிருந்தான். மூன்று வருடமாகப் போட்டியில் அமலதாஸ் முதல், செங்கோல் இரண்டாவது. இந்த வருடம் ஊர்க்கூட்டத்தில் பேச்சு முற்றிவிட்டது.

"எவன் பாய் முதல்ல வரலையோ, அவன் இந்தக் கரையிலேயே மீசையை எடுக்கணும். சம்மதமா மாப்ள?" என்றான் அமலதாஸ்.

"கத்தியைத் தீட்டி வச்சுக்கங்க மச்சான்" என்றான் செங்கோல்.

ஊர்த் தலைவர் வியாகுலம் சாட்சி. தங்கள் இருவரைத் தவிர வேறொருவர் பாய் முந்தும் என்று இருவருமே கனவிலும் நினைக்கவில்லை.

ஊர் சிரித்தது. மெட்டில்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் இப்படித்தான் ஒருவன் பந்தயத்தில் மீசையை இழந்தான். மறுநாளே கேரளத்துப் படகுகளுக்கு வேலைக்குப் போனவன் இன்னும் ஊர் திரும்பவில்லை. அவன் வீட்டுக்கும் ஜெயித்தவன் வீட்டுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் தோற்றால் பிறந்த வீடு போச்சு. புருஷன் தோற்றால் புகுந்த வீட்டில் நிம்மதி போச்சு. அவள் நிஜமாகவே பயந்தாள்.

போட்டிக்கு எட்டு நாள் இருக்கும்போது செங்கோலின் பாய் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. ஒட்டுப் போடக்கூட முடியாத அளவுக்கு நைந்த துணி. ஊருக்கே பாய் தைத்துக் கொடுப்பவள் மெட்டில்டாதான். ஆனால் அண்ணன் ஜெயிக்கட்டும் என்று அளவில் ஏதாவது செய்துவிடுவாளோ என்று செங்கோலுக்குச் சந்தேகம். அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, கிழிந்த பாயை மணலில் விரித்தான். அதன்மேல் புதுத் துணியைப் போட்டு அதே அளவுக்கு வெட்டினான். பக்கத்து ஊரில் கொடுத்துத் தைத்தும் வாங்கி வந்தான்.

அங்கேதான் கோட்டை விட்டான். பழைய பாய் நாலு வருடம் காற்றில் இழுபட்டு இழுபட்டு நீண்டுபோன பாய். புதுத் துணியோ இனிமேல்தான் நீள வேண்டும். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்ததில் அது சின்னப் பையன் மாமனுடைய சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி தொளதொளத்துவிட்டது. சத்தம் போட்டதே தவிர படகை இழுக்கவில்லை.

செங்கோல் தலையைக் குனிந்துகொண்டு பெண்டாட்டியிடம் வந்தான். "இதையே கொஞ்சம் குறைச்சுத் தாயேன்."

"இது இன்னும் நீளும். இன்னைக்குக் குறைச்சா நாளைக்கு மறுபடி இதே கதைதான்" என்றாள் மெட்டில்டா.

கொல்லையில் அவள் கருவாடு காயப்போட்டிருந்தாள். அடியில் விரித்திருந்தது அமலதாசின் பழைய பாய். பங்குனியில் அவன் புதுப் பாய் கட்டியபோது, "தங்கச்சி, இது எனக்கு வேண்டாம், உனக்குத்தான். கருவாடு காயப்போட வச்சுக்கோ" என்று போட்டுவிட்டுப் போனது. நீள வேண்டியதெல்லாம் நீண்டு முடித்த துணி. இனி வெட்டினால் வெட்டிய அளவில் நிற்கும்.

அவள் கருவாட்டை அள்ளிக் கூடையில் போட்டாள். பாயை நாலு தண்ணீரில் அலசினாள். நைந்த ஓரங்களை வெட்டி, தையலைப் பிரித்து, செங்கோலின் பாய்மரத்துக்கு ஏற்றபடி மூன்று நாள் உட்கார்ந்து தைத்தாள்.

"இந்தாங்க, போட்டிக்கு இதைக் கட்டுங்க."

போட்டியன்று படகிலிருந்த ஆறு பேரும் மூக்கைப் பொத்தாத குறைதான். காக்காய்க் கூட்டம் பின்னாலேயே வந்தது. ஆனால் பாய் காற்றை ஒரு பொட்டு விடாமல் வாங்கியது. செங்கோலின் படகு முதலில் வந்தது, ஒரு படகு நீளம் பின்தங்கி அமலதாஸ் இரண்டாவது.

கரையில் இறங்கிய அமலதாஸ் பாயைப் பார்த்தான். தன் வீட்டு நீலக் கோடு போட்ட துணியை அவனுக்கா தெரியாது? "இது என் பாய்! முதல்ல வந்தது என் பாய். எடுங்க மாப்ள மீசையை!"

"தூக்கிக் குடுத்தப்புறம் அது எப்படி உங்க பாய்? என் படகுல வந்துச்சு. என் பெண்டாட்டியோடது என்னோடதுதானே?" என்றான் செங்கோல்.

இருவர் கையும் தத்தம் மீசையைப் பொத்தியபடி இருந்தன. மெட்டில்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "சண்டையை அப்புறம் போடுங்க. கருவாடு கூடையிலேயே கிடக்கு. பாயைக் கழட்டிக் குடுங்க."

கேட்டவர்களே, சொல்லுங்கள். முதலில் வந்த பாய் யாருடையது? யார் மீசையை எடுப்பது சரி?

விடை: வியாகுலம் அதிகம் யோசிக்கவில்லை. "உனக்குத்தான்" என்று கொடுத்த அன்றே அமலதாசின் உரிமை முடிந்தது. மெட்டில்டா "போட்டிக்குக் கட்டுங்க" என்றாளே தவிர, "வச்சுக்கங்க" என்று சொல்லவில்லை. ஆகவே செங்கோல் கட்டியது இரவல் பாய். "பெண்டாட்டியோடது உன்னோடதுன்னா, அவ தாலியை நீ ஒருநாள் போட்டுக்கிட்டுத் திரியேன்" என்றார் தலைவர். பாய் மெட்டில்டாவுடையது. இரண்டு ஆண்களில் எவன் பாயும் முதலில் வரவில்லை. ஆகவே இரண்டு மீசையும் எடுக்கப்பட்டன. மறுநாள் கோயிலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அடக்க முடியாமல் சிரித்து, பாதிரியாரிடம் இருவரும் திட்டு வாங்கினார்கள். கேரளத்துக்கு யாரும் போகவில்லை. மெட்டில்டாவுக்கு அண்ணனும் மிச்சம், புருஷனும் மிச்சம்.